பவர்பாயிண்டிலேயே மாவட்ட வரைபடம்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தமிழ்நாட்டை மாவட்டவாரியாக வண்ணம் தீட்டிக் காட்டுவதற்குப் பெரிய மென்பொருள் எதையும் கற்க வேண்டியதில்லை. பவர்பாயிண்ட் போதும், காசு செலவழிக்க வேண்டாம் என்றால் லிப்ரே ஆபிஸ் டிரா போதும். பள்ளிக் கண்காட்சிக்கோ சங்கத்தின் ஆண்டறிக்கைக்கோ அது தாராளம். ஆனால் பல படங்கள் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே கெட்டுப்போகின்றன.

முதல் தவறு, இணையத்தில் தேடியதும் கண்ணில் படும் படத்தை எடுத்துக்கொள்வது. பழைய 32 மாவட்டப் படங்கள் இன்னும் நிறையச் சுற்றுகின்றன. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020-இல் மயிலாடுதுறை என்று சேர்ந்து இப்போது 38. சரி, புதிய படத்தை எடுத்துவிட்டால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை, ஏனென்றால் நம் கையில் இருக்கும் எண்கள் பல நேரம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை, அப்போது மாவட்டங்கள் 32தான். அவற்றை 38 மாவட்டப் படத்தில் போட்டால் ஆறு மாவட்டங்கள் வெறுமையாக நிற்கும், அதைவிட மோசம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மக்களையும் சேர்த்த பழைய வேலூரின் 39 லட்சம் இன்றைய சிறிய வேலூரின் தலையில் ஏறிவிடும். எண்கள் எந்த ஆண்டுக்கானவையோ எல்லைகளும் அந்த ஆண்டுக்கானவையாக இருக்கட்டும். படத்தின் கீழே அந்த ஆண்டையும் எழுதிவிடுங்கள்.

கோப்பு வகையும் முக்கியம். ஜேபெக் படம் வேண்டாம், அதில் ஒரு மாவட்டத்தைத் தனியாகத் தொட முடியாது. பலரும் பயன்படுத்தக்கூடிய படங்களைத் திரட்டி வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் எஸ்விஜி (கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கப்படும் பட வகை) கோப்பாகத் தேடுங்கள், உரிமக் குறிப்பையும் படித்துவிடுங்கள். பவர்பாயிண்டின் புதிய பதிப்புகளில் அதைச் செருகி வடிவமாக மாற்றினால் ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாகப் பிரிந்து வரும். பெரிதாக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மூலையைப் பிடித்து இழுங்கள், பக்கவாட்டில் இழுத்தால் மாநிலமே சப்பையாகிவிடும். மூலையில் சின்னதாக இந்தியப் படமும் வைப்பதாக இருந்தால் மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட எல்லையையே பயன்படுத்துங்கள். வெளிநாட்டுத் தளங்களின் படங்களில் காஷ்மீர் எல்லை வேறு மாதிரி இருக்கும், அப்படிப்பட்ட படத்தை இங்கே வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அடுத்தது, நல்ல நல்ல அறிக்கைகளில்கூட வரும் தவறு: மொத்த எண்ணிக்கையை அப்படியே வண்ணமாக்குவது. 2011-இல் சென்னையில் 46 லட்சம் பேர், வேலூரில் 39 லட்சம் பேர். இதை அப்படியே தீட்டினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் நிறம் வரும், அதிலும் சென்னை படத்தில் ஒரு புள்ளி அளவுதான் என்பதால் பார்ப்பவர் கண் நேராக வேலூருக்குப் போகும். உண்மையில் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டரில் 26 ஆயிரம் பேருக்கு மேல், வேலூரில் ஏறத்தாழ 650 பேர். அதனால் பரப்பளவாலோ மக்கள்தொகையாலோ வகுத்த எண்ணைத்தான் வண்ணமாக்க வேண்டும். நூலகங்களின் எண்ணிக்கை என்றால் லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். மொத்தம்தான் முக்கியம் என்றால் மாவட்டத்தின் மேல் வட்டம் போட்டு, வட்டத்தின் அளவால் காட்டலாம்.

எக்செலில் இருக்கும் வரைபட விளக்கப்படத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான், எந்தச் சேலம் என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்? நாடு, மாநிலம் இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துப் புள்ளி வைக்கும் கருவி என்றால் வரிசையைப் பாருங்கள். சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27 இரண்டும் இடம் மாறினால் புள்ளி வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். கூகுள் எர்த் போன்றவை பயன்படுத்தும் கேஎம்எல் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

வண்ணத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வேண்டாம், சிலருக்கு அவை பிரித்துத் தெரியாது, கறுப்பு வெள்ளை நகலில் யாருக்குமே தெரியாது. ஒரே நிறத்தில் வெளிர் முதல் அடர் வரை நான்கைந்து படிகள் போதும். தகவல் இல்லாத மாவட்டத்துக்கு வெள்ளை வேண்டாம், பூஜ்யம் என்று படித்துவிடுவார்கள், கோடு போட்ட நிரப்பு கொடுங்கள். அப்புறம் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரமாகத் தெரியும் இடைவெளி காரைக்கால், அது புதுச்சேரியைச் சேர்ந்தது. அதைத் தமிழ்நாட்டு நிறத்தில் நிரப்பாமல் பெயர் எழுதி விடுங்கள்.