சூரியக் காற்றில் ஓர் ஆல்வென் அலை: லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்க

ஆரம்பாக்கம், தடா பக்கத்துப் பிள்ளைகளுக்கு, சூரியனை ஆராயும் இஸ்ரோ கலமான ஆதித்யா எல்-1 பற்றி அறிமுகம் வேண்டாம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியதை மொட்டை மாடியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள காந்தமானி அளப்பது சூரியக் காற்றோடு (சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களோடு) வரும் காந்தப் புலத்தை. இழுத்துக் கட்டிய கம்பி போல அந்தப் புலம் அதிர்ந்து, அதன் வழியே ஓடுவதுதான் நம் ஆல்வென் அலை.

பைத்தானும் அதன் எண்கணித நூலகமான நம்பையும் (NumPy) போதும். அதீனா, புளூட்டோ போன்ற பெரிய பிளாஸ்மா நிரல்கள் அருமையானவை. ஆனால் புதியவர்களுக்கு அவற்றை கம்பைல் பண்ணுவதிலேயே ஆர்வம் வடிந்துவிடும்.

முதலில் எண்கள். பூமியருகே காற்று நொடிக்கு 400 கி.மீ., கன செ.மீ.க்கு 5 புரோட்டான், ஆரத்திசைப் புலம் 3 நானோடெஸ்லா என்று வையுங்கள். அலை ஓடும் வேகமான ஆல்வென் வேகம் (புலம் ÷ மியூ-சுழி பெருக்கல் அடர்த்தியின் வர்க்கமூலம்; மியூ-சுழி என்பது வெற்றிடத்தின் காந்த மாறிலி) நொடிக்கு சுமார் 29 கி.மீ. வர வேண்டும். வராவிட்டால் அலகு மாற்றத்தில்தான் கோளாறு. இந்த வேகம் சூரியனிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிர்விகிதம். நாம் சூரியன்-பூமி தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கில் தொடங்குவதால் அங்கே 146.

அடுத்து, காற்றோடு நகரும் பெட்டி: 15 லட்சம் கி.மீ. நீளம், 512 புள்ளிகள், ஒரு முனையில் வெளியேறுவது மறுமுனையில் நுழையும். சரிவுக்கு (இடத்தோடு அலை மாறும் வீதத்துக்கு) எஃப்.எஃப்.டி. எனும் வேக ஃபூரியே உருமாற்றம், காலத்தில் முன்னேற நான்காம் படி ரங்கே-குட்டா முறை. காலப்படி 8 நொடி. பெட்டியே நகர்வதால் காற்றின் 400 இந்தக் காலப்படிக் கணக்கில் வராது; விரிவுக் கணக்கில்தான் பின்னால் வரும்.

இனி நிதானமாகப் படியுங்கள். அலையின் புலத்தை, மியூ-சுழி பெருக்கல் அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்து, வேக அலகுக்குக் கொண்டுவாருங்கள். பின்புலம் (அலை இல்லாத ஆரத்திசைப் புலம்) சூரியனிலிருந்து வெளிநோக்கி இருந்தால், அலையின் வேகத்திலிருந்து புலத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் வெளியே ஓடும் அலை. கூட்டினால் கிடைப்பது உள்ளே வருவது. பின்புலம் திரும்பினால் இதுவும் தலைகீழ். ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் கூட்டல் குறியே வெளிச்செல்லும் அலைக்கு. குறியைப் பார்த்து அப்படியே எழுதினால் அலை சூரியனுக்கே திரும்பிப் போகும். அதனால் மாறிகளுக்கு 'வெளி', 'உள்' என்றே பெயர் வையுங்கள். பைத்தான் 3 தமிழை ஏற்கும்.

'வெளி' மாறும் வீதம்: −(ஆல்வென் வேகம் × 'வெளி'யின் சரிவு), அதிலிருந்து காற்றின் வேகம் ÷ (2 × தூரம்) × (வெளி + உள்) என்பதையும் கழியுங்கள். இந்த இரண்டாம் உறுப்பு காற்று விரிவதன் விளைவு. தூரம் ஒவ்வொரு படியிலும் காற்றின் வேகத்தில் கூடும், ஆல்வென் வேகமும் அதற்கேற்பக் குறையும். 'உள்'ளுக்கு அதன் சொந்தச் சரிவை எடுங்கள்; முதல் உறுப்பின் குறி மட்டும் மாறும்.

தொடக்கத்தில் 'உள்' சுழி, 'வெளி' நான்கு சைன் அலைகள். முதலில் காற்றை 0 ஆக்கி ஓட்டுங்கள். சுமார் 10,270 நொடியில் அலை உருமாறாமல் பெட்டியை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். பிறகு காற்றைப் போட்டு 3 லட்சம் நொடி. வீச்சு 45 சதவீதமாகக் குறையும். நானோடெஸ்லாவுக்கு மாற்றினால் வீச்சு இன்னும் அதிகமாகக் குறைந்திருக்கும். ஆனால் பின்புலம் அதைவிட வேகமாகத் தேய்வதால், ஒப்பளவில் அலை 2.2 மடங்கு வளர்ந்திருக்கும்!

பின்சேர்க்கை: "45 வரல அண்ணா" என்று தடாவிலிருந்து ஒரு தம்பி. 20 சதவீதம் வந்தால் (2 × தூரம்) என்பதிலுள்ள 2 விடுபட்டிருக்கிறது. 13.5 என்றால் தூரம் ஒவ்வொரு படியிலும் நகரவில்லை. 'உள்' சுழியாக இல்லையே என்று இன்னொருவர் கேட்டார். அது பிழையில்லை, காற்றின் விரிவால் எதிரொளித்த அலை. அலைநீளத்தைக் கூட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.