மருத்துவரிடம் போக மறுக்கும் வாழ்க்கைத்துணையைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

"எனக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்ற பதில் மாதக்கணக்கில் தொடரும் வீடுகளில், கவலைப்படுபவர் முதலில் கெஞ்சுகிறார், பிறகு கோபப்படுகிறார், கடைசியில் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடுகிறார். இவற்றில் எதுவும் பலிக்காததற்குக் காரணம், மறுப்பவர் எதற்காகத் தயங்குகிறார் என்பது அதுவரை யாருக்கும் தெரியாமலே இருப்பதுதான். அவரைச் சம்மதிக்க வைக்கும் வேலையில் பெரும்பகுதி அந்தக் காரணத்தைக் கண்டறியும் வேலையே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காரணம் தேடவோ சம்மதம் வாங்கவோ அவகாசமே கிடையாது. நெஞ்சை அழுத்துவதுபோன்ற வலி சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, அது தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, கூடவே வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ, வெறும் வாயுத்தொல்லைதான் என்று அவர் எவ்வளவு சொன்னாலும் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல், மூச்சுத்திணறலும் குமட்டலும் காரணம் தெரியாத களைப்பும் மட்டுமே மாரடைப்பின் அடையாளமாக வருவதுண்டு. முகம் ஒரு பக்கம் கோணுவதும், ஒரு கை தளர்ந்து விழுவதும், பேச்சு குழறுவதும் பக்கவாதத்தின் அடையாளங்கள். மூளை இரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு இயல்பாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் கை பழையபடி அசைந்துவிட்டது என்பதற்காக மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடக் கூடாது. அப்படி வந்து மறையும் தற்காலிகப் பக்கவாதத்துக்கு அடுத்த இரண்டு நாட்களில்தான் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். இரத்த வாந்தி, தார்போன்ற கறுப்பு மலம், திடீரெனத் தாக்கும் கடுமையான தலைவலி, நினைவு தடுமாறுதல், உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிய பேச்சு ஆகியவையும் இந்த வகையே. கடைசியாகச் சொன்ன நிலையில் உதவி வந்து சேரும்வரை அவரைத் தனியே விடக் கூடாது.

மற்ற அறிகுறிகளுக்குச் சில நாட்கள் அவகாசம் உண்டு, ஆனால் மாதங்கள் கிடையாது. மூன்று வாரங்களுக்கு மேல் விடாத இருமல் அல்லது குரல் கம்மல், ஆறாத வாய்ப்புண், உணவு விழுங்கும்போது தொண்டையில் சிக்குவது, புதிதாகத் தென்படும் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் இரத்தப்போக்கு, முயலாமலே ஓர் ஆண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைவது ஆகியவை இதில் அடங்கும். சிறுநீரில் இரத்தம் ஒரே ஒரு முறை வலியின்றி வந்து நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். தானாக நின்றுவிட்டதே என்று பலர் நிம்மதி அடைவது இதில்தான். ஆனால் இரத்தம் நின்றது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அவரிடம் பேசுவதற்கு முன்பு சில நாட்கள் கவனித்து எழுதிவையுங்கள். எந்தத் தேதியில், என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு நேரம் நீடித்தது, அவராகவே என்ன மாத்திரை போட்டுக்கொண்டார் என்பவை போதும். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கைப்பேசியில் எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்து, மூச்சு சீரானதும் மேலே ஏறுகிறார் என்றால், அதை அப்படியே எழுதுங்கள். "இதயக்கோளாறு" என்று எழுதாதீர்கள். நோயின் பெயரைச் சூட்டுவது மருத்துவரின் வேலை, நாம் சூட்டினால் அது வாக்குவாதத்தில்தான் முடியும். கண்ணால் கண்டதைச் சொன்னால் மறுப்பது கடினம். குறட்டை விடுபவர் இடையில் பத்து விநாடிக்கும் மேல் மூச்சே இல்லாமல் கிடந்து, திணறிக்கொண்டு மீண்டும் மூச்சை இழுப்பது அருகில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும், அவருக்கே தெரியாது என்பதை நினைவில் கொண்டால், உங்கள் குறிப்புக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது புரியும்.

இனி மறுப்புக்கான காரணத்துக்கு வருவோம். வெளியே சொல்லும் காரணம் பெரும்பாலும் நேரமின்மையாகவே இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். தன் தந்தையோ தாயோ நடந்தே மருத்துவமனைக்குள் போய்த் திரும்பி வராததைக் கண்டவருக்கு அந்தக் கட்டடமே அச்சம் தரும். முன்பு ஒரு மருத்துவர் உடல் எடையைச் சொல்லியோ புகைபிடிக்கும் பழக்கத்தைச் சொல்லியோ பலர் முன்னிலையில் கடிந்துகொண்டிருந்தால், அந்த அவமானம் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். உடலைப் பிறர் முன் காட்டும் கூச்சம், ஊசி பயம், சேமிப்பு கரைந்துவிடுமோ என்ற கவலை, வேலையோ வாகன உரிமமோ பறிபோய்விடுமோ என்ற அச்சம், குடும்பமே தன்னை நம்பி நிற்கையில் தான் படுத்துவிடக் கூடாது என்ற வைராக்கியம் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். மனச்சோர்வு உள்ளவருக்கோ, உதவி தேடும் விருப்பத்தையே அந்த நோய் முதலில் பறித்துவிடுகிறது. அதைச் சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ குற்றம் சாட்டுவது மிகப் பெரிய அநீதி.

பணத்தைப் பற்றிக் கவலைப்படுபவரிடம் நோயின் தீவிரத்தை எவ்வளவு விளக்கினாலும், அவருடைய கவலை கூடுமே தவிரக் குறையாது. அவருடன் உட்கார்ந்து முதல் ஆலோசனைக்கும் முதல் பரிசோதனைக்கும் மட்டும் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக் கணக்குப் போடுங்கள். கூச்சப்படுபவருக்கு அவர் விரும்பும் பாலினத்து மருத்துவரைத் தேடுங்கள், பரிசோதனை அறையில் நீங்களும் உடன் இருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவமானப்பட்டவருக்கு வேறொரு மருத்துவர் வேண்டும், அவ்வளவுதான். நோயின் பெயரைக் கேட்கவே அஞ்சுபவரிடம் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய உறுதிமொழி என்பது அவருக்கும் தெரியும். "என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் நம் இருவரையும் தூங்கவிடாமல் செய்கிறது" என்பது உண்மை, அதைச் சொல்லலாம்.

பேசுவதற்குப் பொருத்தமான நேரம் எது? சண்டையின் நடுவில் வேண்டாம், உறவினர் முன்னிலையில் வேண்டாம், அவர் பசியோடோ களைப்போடோ வந்து அமரும் வேளையிலும் வேண்டாம். இருவரும் சேர்ந்து நடக்கும்போதோ பயணம் செய்யும்போதோ, நேருக்கு நேர் முகம் பார்க்காமல் பேசும் சூழலில், பலர் மனம் திறப்பதைக் கண்டிருக்கிறேன். "இந்த இருமலைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கலாமா?" என்று தொடங்குங்கள். அனுமதி கிடைத்ததும், கவனித்ததை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு வாய் மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்வதுதான் இந்த முறை முழுவதிலும் கடினமான பகுதி. அவசரப்பட்டு நாமே அதை நிரப்பினால், வரவிருந்த பதில் உள்ளேயே போய்விடும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், மதுப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களுடன் பேசும் முறை ஒன்றை 1983இல் எழுதி வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதை விரிவுபடுத்தினார். மாற்றத்துக்கான காரணத்தை நாம் அடுக்கினால் எதிரில் இருப்பவர் மறுப்புக்கான காரணத்தை அடுக்குவார், ஆகவே மாற்றத்தின் பக்கத்தை அவர் வாயிலிருந்தே வரவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதில் பயன்படும் ஒரு கேள்வியை வீட்டிலும் கேட்கலாம். "மருத்துவரைப் பார்ப்பது உங்களுக்கு எவ்வளவு அவசியமாகத் தோன்றுகிறது, 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் 3 என்று சொன்னால், "ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்காமல், "ஏன் 0 என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் மறுப்பை நியாயப்படுத்துவார். இரண்டாவது கேள்விக்கு, "இரவில் மூச்சு வாங்குவது கொஞ்சம் உறுத்துகிறது" என்று தன் கவலையைத் தானே சொல்லத் தொடங்குவார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பேசுங்கள்.

கேட்பது எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகச் சம்மதம் கிடைக்கும். "முழு உடல் பரிசோதனை" என்று மலைக்க வைக்காமல், தொலைபேசியில் ஓர் ஆலோசனை, ஒரே ஓர் இரத்தப் பரிசோதனை, அல்லது வீட்டிலேயே இரத்த அழுத்தம் அளப்பது என்று தொடங்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் அளந்து சராசரி பாருங்கள். வீட்டு அளவீட்டில் அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த எண்ணே அவரிடம் பேசும், நீங்கள் வாதாட வேண்டியதில்லை. மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதும் "வருகிறீர்களா?" என்று கேட்பதைவிட, "செவ்வாய் மாலையா, சனி காலையா?" என்று கேட்பது நல்லது.

வேறு ஏதோ சாக்குச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் தந்திரத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். ஒருமுறை பலித்தாலும், அடுத்த முறை உண்மையான அவசரத்தில்கூட உங்கள் சொல்லை அவர் நம்பமாட்டார். குழந்தைகளைத் தூது அனுப்புவதும், இணையத்தில் கிடைக்கும் கோரமான படங்களைக் காட்டி மிரட்டுவதும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், தெளிவான எல்லை ஒன்றை இருவரும் சேர்ந்து வகுங்கள். "இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் இருமல் நிற்காவிட்டாலும், சளியில் இரத்தம் ஒரு துளி தென்பட்டாலும் போய்விட வேண்டும்" என்று தேதியும் நிபந்தனையும் சேர்த்துப் பேசி, அவர் கையாலேயே நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். அவர் மதிக்கும் நண்பரோ சகோதரியோ பேசினால் கேட்பார் என்றால், அதை அவருக்குத் தெரிவித்துவிட்டே செய்யுங்கள். அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இருந்தால், நோயாளியின் விவரங்களை உங்களிடம் சொல்ல அவருக்குத் தடை இருந்தாலும், நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடை இல்லை. தெளிந்த அறிவோடு விளைவுகளை உணர்ந்து மறுக்கும் வயது வந்தவரை வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்ல முடியாது என்பது வலிக்கும் உண்மை. அப்போதும் கதவைச் சாத்திவிடாமல், சில நாட்கள் கழித்து மீண்டும் அதே பொறுமையோடு கேளுங்கள்.

போகும் நாளில் உங்கள் குறிப்பையும் அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன் அமர்ந்ததும் "சும்மா கொஞ்சம் இருமல்தான்" என்று அவர் மழுப்பக்கூடும் என்பதால், எதை நீங்கள் சொல்லலாம் என்பதை வீட்டிலேயே பேசி வையுங்கள். அதற்கு முன் அவரையே பேச விடுங்கள். வெளியே வந்ததும், "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லிக்காட்டாதீர்கள். அறிக்கையை வாங்கப் போகாமல் இழுத்தடிப்பதும் அதே பழைய அச்சத்தின் இன்னொரு வடிவமாகையால், அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே அறிக்கை எந்த நாளில் கிடைக்கும், வாங்க யார் வருவது, மறுபடி மருத்துவரை எப்போது பார்ப்பது என்ற மூன்றையும் முடிவு செய்துவிடுங்கள்.