கேம்ஷாஃப்டைக் கணினியில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் சிமுலேஷன் மென்பொருளில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகள் (சுருக்கமாக, கேம்) இரண்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, அழகான வரைபடத்தோடு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் மென்பொருள் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கும். அதற்குக் கொடுத்த எண்தான் கோணல். போர் அளவையும் ஸ்ட்ரோக் அளவையும் இடம் மாற்றித் தட்டச்சு செய்வது போன்ற கைப்பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை முதல் ஓட்டத்திலேயே பல்லிளித்துவிடும். நம்பும்படியான கோட்டை வரைந்து காட்டும் பிழைகள்தான் பணத்தைத் தின்கின்றன.

எந்த லிஃப்டில் அளந்த டியூரேஷன் என்று பாராமல் எண்ணை எடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கேமோடு வரும் விவரச் சீட்டான கேம் கார்டில் டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் கோணம், 280 டிகிரி என்று இருக்கும். சரி, வால்வு எந்த இடத்தில் திறந்ததாகக் கணக்கு வைத்தார்கள்? ஒரு தயாரிப்பாளர், கேமின் மேடான லோப் தள்ளும் டாப்பெட் 0.006 அங்குலம் எழுந்ததிலிருந்து (இந்த எழுச்சிதான் லிஃப்ட்) அளப்பார், இன்னொருவர் 0.004 அங்குலத்திலிருந்து தொடங்குவார். சாலிட் டாப்பெட் கேம் என்றால் 0.020 அங்குலம் வரைகூடப் போவார்கள். 1 மில்லிமீட்டரில் அளந்து தருகிறவர்களும் உண்டு. ஆளுக்கொரு அளவாக இருக்கும் இந்த நிலையில், ஒப்பிடுவதற்கு வசதியாக நிலைத்த பொது அளவு 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். 0.006 அங்குலத்தில் 280 டிகிரி காட்டும் ஒரு ஹைட்ராலிக் கேம், 0.050 அங்குலத்தில் 230 டிகிரி அளவில் நிற்கும். கேம் ஒன்றுதான், எண் இரண்டு.

கனமான வண்டி ஒன்றுக்குக் கேம் தேடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஒரு கார்டில் 0.050 அங்குல அளவு மட்டும் இருந்தது: 230. மற்றொன்றில் விளம்பர அளவு (0.006 அங்குலம் போன்ற சிறு லிஃப்டில் அளந்தது): 268. இரண்டையும் மென்பொருளின் ஒரே கட்டத்தில் இட்டிருந்தார். அந்தக் கட்டம் கேட்டதோ, வால்வு தன் இருக்கையை விட்டு எழுந்து மீண்டும் அமரும் வரையான முழுக் கோணத்தை. பாவம், மென்பொருளுக்கு என்ன தெரியும்? 230 என்றதும் அதை ஒரு சாதுவான கேம் என்று எடுத்துக்கொண்டது.

அதனால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அந்த 230 மேலே சொன்ன 280 டிகிரி கேமேதான், இன்டேக் சென்டர்லைன் (இன்டேக் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும் கோணம்) 106 டிகிரி, லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு இடையிலான கோணம்) 110 டிகிரி, இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே டியூரேஷன் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான 280 டிகிரி கேமில், பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பிய பிறகு 66 டிகிரியில்தான் இன்டேக் வால்வு மூடும்; ஓவர்லேப், அதாவது இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் கோணம், 60 டிகிரி. 230 என்று கொடுத்தால் வால்வு 41 டிகிரியிலேயே மூடிவிட்டதாகவும், ஓவர்லேப் வெறும் 10 டிகிரி என்றும் மென்பொருள் கொள்ளும். கம்ப்ரஷன் 25 டிகிரி முன்னதாகவே தொடங்குகிறது என்ற நினைப்பில், குறைந்த வேகத்தில் டார்க்கை (சுழற்றும் விசையை) வாரி வழங்கும்.

இளைஞர் அந்தக் கோட்டைப் பார்த்து மயங்கி அந்த 230-ஐ வாங்கிப் பூட்டிவிட்டார். உள்ளபடி அது 268-ஐவிடப் பெரிய கேம். ஐடிலில் எஞ்சின் குலுங்கியது. மேனிஃபோல்டில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் குறைந்து பிரேக் மிதி கல்லாக இறுகியது. ஏற்றத்தில் இழுவை இல்லை. ஃப்ளாட் டாப்பெட் எஞ்சின் என்றால் கேமை மட்டும் மாற்றி முடித்துவிட முடியாது. புதிய கேமுக்குப் புதிய டாப்பெட்டுகள் வேண்டும். கேஸ்கெட்டும் கூலியும் தனி. இத்தனையும் இரண்டாம் முறை!

இருக்கை அளவு, 0.050 அங்குல அளவு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஏற்கும் மென்பொருளாக இருந்தால் இரண்டையும் கொடுங்கள். லோப் எவ்வளவு வேகமாக வால்வைத் தூக்குகிறது என்பதை அந்த வித்தியாசத்திலிருந்துதான் அது ஊகிக்கிறது. ஓர் அளவுதான் கிடைக்கிறது என்றால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், அல்லது டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். 0.050 அளவோடு 50 டிகிரி கூட்டினால் போதும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். நம்ப வேண்டாம். அந்த வித்தியாசம் லோப்புக்கு லோப் மாறும். சாலிட் டாப்பெட்டில் வேண்டுமென்றே விடும் லாஷ் இடைவெளி வேறு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ராக்கர் விகிதத்தை இருமுறை பெருக்குவது

கார்டில் இருப்பது லோப் லிஃப்டா, அதை ராக்கர் விகிதத்தால் ஏற்கெனவே பெருக்கிய வால்வு லிஃப்டா என்று படித்துப் பாருங்கள்.

ஃப்ளோ பெஞ்ச் எண்ணை அழுத்தம் பாராமல் இடுவது

சிலிண்டர் ஹெட்டின் காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில், 10 அங்குல நீரழுத்தத்தில் சோதித்த எண்ணும் 28 அங்குலத்தில் சோதித்த எண்ணும் ஒன்றல்ல. காற்றோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போவதால், 10 அங்குல எண்ணை 28 அங்குல எண்ணாக்க 1.67-ஆல் பெருக்க வேண்டும். 10 அங்குல எண்ணை 28 அங்குலக் கட்டத்தில் இட்டால் ஹெட் மூச்சுத் திணறுவதாகத் தோன்றும். அதை ஈடுகட்ட நீண்ட டியூரேஷன்தான் சரி என்று மென்பொருள் உங்களைப் பெரிய கேமின் பக்கம் தள்ளும்.

உச்சக் குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது

வண்டி எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறதோ, அந்த எல்லைக்குள் சராசரி டார்க்கைப் பாருங்கள். இன்னொன்று: பழைய கேமுக்கென்று பொருத்திய கம்ப்ரஷனையும் சென்டர்லைனையும் அப்படியே வைத்துப் புதியதை ஓட்டினால் அது நியாயமான போட்டி ஆகாது. இன்டேக் வால்வு தாமதமாக மூடும் கேமுக்குக் கம்ப்ரஷன் விகிதம் சற்று உயர வேண்டியிருக்கும். அதையும் மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.

ஸ்பிரிங்கை மறப்பது

எளிய மென்பொருள்களில் வால்வு லோப்பை விட்டு ஒருபோதும் பிரியாது. 7500 ஆர்பிஎம்மில் கோடு ஏறிக்கொண்டே போகும். வால்வை லோப்போடு ஒட்டி நிறுத்த வேண்டிய உங்கள் ஸ்பிரிங் அதற்கு வெகுமுன்பே கைவிட்டிருக்கும்.

வால்வும் பிஸ்டனும் மோதாது என்று நினைப்பது

பிஸ்டன் தலையில் களிமண் வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள்.

இருக்கும் எஞ்சினைச் சரிபார்க்காமல் தொடங்குவது

முதலில் இப்போதைய கேமோடு எஞ்சினை மென்பொருளில் கட்டுங்கள். எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ கருவி வரைந்த உண்மையான கோடு கையில் இருந்தால் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்சத்தின் உயரம் கொஞ்சம் விலகினால் பரவாயில்லை. கோட்டின் வடிவமும் உச்சம் விழும் ஆர்பிஎம்மும் பொருந்த வேண்டும். பொருந்தாத மாதிரியில் கேம் மாற்றிப் பார்ப்பது வீண். குழாய்களில் ஓடும் அழுத்த அலைகளைக் கணக்கில் எடுக்காமல், சிலிண்டர் நிரம்புவதையும் காலியாவதையும் மட்டும் பார்க்கும் மென்பொருள்களிடம் ஓவர்லேப்பைப் பற்றிக் கேட்கவே கூடாது. நீண்ட ஓவர்லேப்பின் பலன் எக்ஸாஸ்ட் குழாயின் நீளத்தோடு சேர்ந்தது.

எல்லாம் சரியாகக் கொடுத்த பிறகும் இரண்டு கேம்களுக்கு நடுவே 2 குதிரைத்திறன்தான் வித்தியாசம் என்று வந்தால், இரண்டும் சமம் என்று எடுத்துக்கொண்டு டியூரேஷன் குறைந்ததை வாங்குங்கள்.