மின்னஞ்சலில் ‘ரிவர்ட்’: எங்கே எழுதலாம், எங்கே கூடாது

“ப்ளீஸ் ரிவர்ட் பை ஃப்ரைடே.” சிங்கப்பூர் அலுவலக மின்னஞ்சல்களில் அன்றாடம் வரும் வரி இது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள் என்று இங்கே எல்லாருக்கும் புரியும்; மலேசியாவிலும் இந்தியாவிலும் அப்படித்தான். லண்டனில் இருப்பவரோ, எதைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் என்று குழம்புவார். விலை பேசும்போது இது ஆபத்து: “வீ வில் ரிவர்ட் ஆன் த ப்ரைஸ்” என்று எழுதினால், பழைய விலைக்கே ஒப்புக்கொண்டதாகக்கூட எடுத்துக்கொள்வார்கள்.

லத்தீனில் ‘ரே’ என்பது பின்னோக்கி, ‘வெர்த்தெரே’ என்பது திருப்புதல். இவை சேர்ந்த ‘ரிவர்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரிவர்ஸ், கன்வர்ட், டைவர்ட் எல்லாம் உறவுச் சொற்கள். முன்பிருந்த நிலைக்கோ பழக்கத்துக்கோ உரிமையாளருக்கோ திரும்புவதுதான் பொருள். சொத்துச் சட்டத்தில் இது அப்படியே நிற்கிறது. சிங்கப்பூரின் கேலாங் லோரோங் 3இல் 191 வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்து நிலம் அரசிடம் போனது. “த லேண்ட் ரிவர்ட்டட் டு த ஸ்டேட்” என்பது பிழையே இல்லாத வாக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் 99 ஆண்டுக் குத்தகை முடிவதைச் சொல்லவும் இதே சொல்தான்.

“திரும்பக் கூப்பிடுகிறேன்” என்று பேசிப் பழகிய நமக்கு, பதில் என்ற பொருளில் ரிவர்ட் வந்தாலும் காதில் உறுத்தாது. அதனால் எழுதி முடித்ததும் அந்த இடத்தில் ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் விட்டுவிடுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றுங்கள்: பதில் கேட்கும்போது “ப்ளீஸ் ரிப்ளை”, விசாரித்துவிட்டுச் சொல்வதற்கு “ஐ வில் கெட் பேக் டு யூ”, முடிவு கேட்க “ப்ளீஸ் லெட் அஸ் நோ”. கடைசியாகச் சொன்னதுதான் மேலதிகாரிக்கு எழுதவும் கடுமையில்லாமல் இருக்கும்.

சரியான பொருளிலும் இரண்டு இடத்தில் சறுக்கும். ‘ரிவர்ட் பேக்’ வேண்டாம். ‘பேக்’ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எதற்குத் திரும்புகிறது என்று சொல்ல ‘டு’ தேவை: “ரிவர்ட் டு த ஓல்ட் ரோஸ்டர்”. கணினித் துறையில் மட்டும் ‘டு’ இல்லாமல் “ரிவர்ட் த சேஞ்சஸ்” என்பார்கள், செய்த மாற்றத்தை நீக்குவது என்ற பொருளில். அங்கே அது சரியே.

உங்களுக்கு யாராவது “ப்ளீஸ் ரிவர்ட்” என்று அனுப்பினால் திருத்தப் போகாதீர்கள். பதிலை அனுப்புங்கள்.