நன்றாக இருக்கும் நாளிலும் தர வேண்டிய மருந்து: குழந்தையின் ஆஸ்துமா மருந்தில் நேரும் தவறுகள்

மூச்சிரைத்துத் துவளும் குழந்தைக்கு மருந்து தர எந்தப் பெற்றோரும் மறப்பதில்லை. ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து, எந்தத் தொந்தரவும் தெரியாத நாளிலும் காலையும் இரவும் இன்ஹேலர் தருவதுதான் கடினம். ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைக்கும் தினசரி மருந்தில் நேரும் பெரும்பாலான தவறுகள் அலட்சியத்தால் வருபவை அல்ல. அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் நிதானமாக எடுத்துச் சொல்லாததால் வருபவை. ஆகவே அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர், இழுப்பு இல்லாத நாட்களிலும் சற்று வீங்கியும் எளிதில் சீண்டப்படும் நிலையிலும் இருக்கக்கூடும். சளிக்காய்ச்சலோ, புகையோ, தூசியோ பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உள்ளே கோழை சேர்ந்து, மூச்சு விடுவது சிரமமாகிறது. சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து அந்தத் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும்; அதன் பலன் சுமார் 4 முதல் 6 மணி நேரத்தில் போய்விடும். தினசரி மருந்தாகத் தரப்படும் புடசொனைடு, புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகளோ உட்சுவரின் வீக்கத்தை நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தணிப்பவை. கொடுத்தவுடன் எந்த மாற்றமும் தெரியாது. நிறுத்திய மறுநாளும் எதுவும் தெரியாது. இந்த மருந்துக்கு வரும் ஆபத்தே அதுதான்.

"இப்போதுதான் நன்றாக இருக்கிறதே" என்று நிறுத்திவிடுவது

இரண்டு மாதங்களாக இரவில் இருமல் இல்லை, இழுப்பு இல்லை. இனி எதற்கு மருந்து என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் குழந்தை நன்றாக இருப்பதற்கு அந்த மருந்தே காரணமாக இருக்கலாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகமுள்ள 2, 3 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகள் தினமும் புளூட்டிகசோன் தரப்பட்டது. மருந்து எடுத்த காலத்தில் அவர்களுக்குத் தொந்தரவு குறைந்திருந்தது. நிறுத்திய பிறகு வந்த ஆண்டிலோ, மருந்து எடுக்காத குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. அதாவது இந்த மருந்து நோயை அடக்கி வைக்கிறது, வேரோடு களைவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பெற்றோர், எதிர்பார்ப்பையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள்.

எப்போதுமே நிறுத்தக் கூடாது என்பதல்ல இதன் பொருள். சிறு வயதில் வரும் இழுப்பு பல குழந்தைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடுவதும் உண்டு. சுமார் மூன்று மாதங்கள் நல்ல கட்டுப்பாடு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்ப்பார். குளிர்காலமோ சளிக்காய்ச்சல் பரவும் பருவமோ நெருங்கினால் சற்றுத் தள்ளிப்போடுவார். அந்த முடிவை வீட்டில் தனியாக எடுப்பதுதான் தவறு. அதிக அளவில் நெடுநாள் மருந்து எடுத்த குழந்தைக்குத் திடீரென நிறுத்துவது வேறொரு வகையிலும் ஆபத்தானது. உடல் தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் குறைந்துபோயிருந்தால், காய்ச்சல் வந்த நேரத்தில் குழந்தை வாந்தியும் அளவுமீறிய சோர்வுமாகத் துவண்டுவிடக்கூடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. நிவாரண மருந்து உடனே பலன் தருவதால் அதையே நல்ல மருந்து என்று நம்பி, தினசரி மருந்தை அலமாரியில் விட்டுவிடுவது. நிவாரண மருந்து வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால், நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி அது. அதேபோல, இழுப்பு வந்த வேளையில் வெறும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தந்துவிட்டுக் காத்திருப்பதும் தவறு. இரண்டு இன்ஹேலர்களின் நிறத்தையும் பெயரையும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் பிரித்தறியும்படி, பெரிய எழுத்தில் ஒன்றில் "தினமும்" என்றும் மற்றொன்றில் "இழுப்பு வந்தால்" என்றும் எழுதி ஒட்டிவைப்பது எளிய வேலைதான், செய்பவர்கள் குறைவு.

நுரையீரலைச் சென்றடையாத மருந்து

மருந்து சரி, அளவும் சரி, தவறாமல் தருகிறோம், ஆனாலும் இருமல் அடங்கவில்லை என்னும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது தரும் முறையை. அளவைக் கூட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறு குழந்தையின் வாயில் இன்ஹேலரை நேராக வைத்து அழுத்துவதால் பயன் மிகக் குறைவு. அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். பெரியவர்களே அதில் தடுமாறுகிறார்கள். வேகமாகப் பாயும் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே படிந்துவிடும். எனவே 5 வயது வரை ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு பொருத்தி, வெளிவரும் மருந்தைத் தேக்கி மெல்ல மூச்சோடு இழுக்க உதவும் குழாய், கட்டாயம் தேவை. அதற்குப் பிறகும் அதுவே நல்லது. ஏறத்தாழ 3 வயது வரை முகமூடி பொருத்திய ஸ்பேசர். அதன்பின் குழந்தை உதடுகளை மூடி வாய்வழியாக மூச்சு விடப் பழகியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு வாய்க்குழாய்க்கு மாற வேண்டும். பழக்கத்தின் காரணமாக 6, 7 வயதிலும் முகமூடியோடே தருபவர்கள் உண்டு. மூக்கு வழியாக இழுக்கும்போது மருந்தின் ஒரு பங்கு மூக்கிலேயே தங்கிவிடும் என்பதால், மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பொடியாக உள்ளிழுக்கும் இன்ஹேலர்களுக்குப் பலமாகவும் ஆழமாகவும் இழுக்கும் திறன் வேண்டும். அவை சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு உரியவை அல்ல.

தரும்போது இன்ஹேலரை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். மருந்துத் துகள்கள் அடியில் படியும் வகையாக இருந்தால், குலுக்காமல் அழுத்தும்போது ஒரு முறை குறைவாகவும் மறுமுறை கூடுதலாகவும் வெளிவரும். குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, முகமூடி மூக்கையும் வாயையும் மூடி முகத்தோடு பொருந்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அழுத்த வேண்டும். ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று புகுந்துவிடும். ஸ்பேசருக்குள் இருக்கும் மருந்து அங்கேயே நின்றுவிடும். ஒரு பஃப் (இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து) அழுத்தியபின் 5 முதல் 10 முறை குழந்தை இயல்பாக மூச்சு விட வேண்டும். வால்வு திறந்து மூடுவதைப் பார்த்து எண்ணலாம். இரண்டாவது பஃப் இருந்தால், அரை நிமிடம் விட்டு மறுபடி குலுக்கித் தர வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த இரண்டையும் ஒன்றாக ஸ்பேசருக்குள் அழுத்துவது மிகப் பரவலான தவறு. துகள்கள் ஒன்றோடொன்று மோதியும் சுவரில் ஒட்டியும் வீணாகி, உள்ளே செல்லும் மருந்து குறைந்துவிடுகிறது.

அழும் குழந்தை ஆழமாக மூச்சு இழுக்கிறது, ஆகவே மருந்தும் ஆழமாகப் போகும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. உண்மை நேர்மாறானது. அழுகை என்பது நீண்ட வெளிமூச்சும் நடுவே வெடுக்கென்ற உள்மூச்சும்தான், முகமூடியும் நழுவும், மருந்து தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போய்விடும். கையையும் காலையும் பிடித்து அமுக்கித் தரும் மருந்து அந்த வேளைக்கும் பயன்படாது, அடுத்த வேளைக்கும் பயத்தை விதைத்துவிடும். ஸ்பேசரை வெறுமனே விளையாடத் தருவது, பொம்மைக்கு முதலில் "மருந்து" தருவது, அம்மாவோ அப்பாவோ தன் முகத்தில் வைத்துக் காட்டுவது, குழந்தையையே மூச்சை எண்ணச் சொல்வது என்று சில நாட்கள் பொறுமையோடு பழக்கினால் பெரும்பாலான குழந்தைகள் இணங்கிவிடுகிறார்கள். தூங்கும்போது தந்துவிடலாம் என்ற யோசனையும் எதிர்பார்த்த அளவு உதவுவதில்லை. முகமூடி பட்டதும் பல குழந்தைகள் விழித்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள்.

மருந்துக் கரைசலைப் புகைபோன்ற நுண்துளிகளாக்கித் தரும் கருவியான நெபுலைசரைப் பயன்படுத்துவோர் செய்யும் தவறும் இதே வகையானது. குழந்தை முகமூடியை விரும்பவில்லை என்று புகையை முகத்துக்கு அருகே காட்டுவார்கள். சில அங்குலம் விலகினாலே பெரும்பகுதி மருந்து காற்றோடு போய்விடும். புடசொனைடு கரைசலை அல்ட்ராசானிக் வகை நெபுலைசரில் ஊற்றக் கூடாது, காற்றழுத்தத்தால் இயங்கும் வகையில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதையும் கருவி வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும். ஸ்பேசரை விட நெபுலைசர் பலம் வாய்ந்தது என்பதும் தவறான எண்ணமே. சரியாகப் பொருத்திய ஸ்பேசர் அதே பலனைக் குறைந்த நேரத்தில் தரும்.

பிளாஸ்டிக் ஸ்பேசரைத் துணியால் துடைத்து உலர்த்தினால் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்துத் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறையாவது, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, தானாக உலரவிட வேண்டும்.

மருந்து தந்த பிறகு வாய் கொப்பளிக்கச் செய்து, அந்த நீரைத் துப்பச் சொல்ல வேண்டும்; துப்பத் தெரியாத குழந்தைக்குத் தண்ணீர் குடிக்கத் தரலாம். முகமூடி பட்ட தோலையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லையேல் வாயில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். பல் துலக்குவதற்குச் சற்று முன் மருந்தை வைத்துக்கொண்டால், நினைவூட்டலும் கொப்பளிப்பும் ஒருசேர நடந்துவிடும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லின் அச்சம்

இந்த அச்சத்தைக் கடிந்து பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கவிளைவே இல்லை என்று சொல்லி வாயடைப்பதும் நேர்மையல்ல. 2012-இல் வெளியான நீண்டகால ஆய்வு ஒன்று, 5 முதல் 12 வயதில் தொடங்கி சில ஆண்டுகள் தினமும் 400 மைக்ரோகிராம் புடசொனைடு எடுத்த குழந்தைகள், வளர்ந்து பெரியவர்களானபோது, எடுக்காதவர்களை விடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள் என்று காட்டியது. அந்தக் குறைவு பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏற்பட்டதே. ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகவில்லை. இதைத் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். மறு தட்டில், கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவால் கெடும் தூக்கம், மருத்துவமனை நாட்கள், ஒவ்வொரு கடும் இழுப்புக்கும் வாய்வழியாகத் தர வேண்டியிருக்கும் ஸ்டீராய்டு, அரிதாக உயிருக்கே வரும் ஆபத்து ஆகியவை உள்ளன. வாய்வழி மருந்து உடல் முழுவதும் பரவுவது. ஆண்டில் பல முறை தேவைப்பட்டால், குறைந்த அளவு இன்ஹேலரை விட அதுவே உடலுக்குப் பெரிய சுமை.

அஞ்சும் பெற்றோர், மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டு பஃபுக்குப் பதில் ஒன்றை மட்டும் தருகிறார்கள். அடுத்த முறை மருத்துவர், எழுதிக்கொடுத்த அளவு போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டி எழுதுகிறார். அச்சத்தை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லி, கட்டுப்பாட்டுக்குப் போதுமான மிகக் குறைந்த அளவு எது என்று கேளுங்கள். உயரத்தை ஒவ்வொரு வருகையிலும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். இன்ஹேலர் பழகிவிடும், பிறகு விடவே முடியாது என்ற பேச்சுக்கு மட்டும் எந்த அடிப்படையும் இல்லை.

ஸ்டீராய்டு வேண்டாம் என்று மான்டெலுகாஸ்ட் மாத்திரையையோ துகள்களையோ கேட்டு வாங்குவோர், அதற்கும் ஓர் எச்சரிக்கை இருப்பதை அறிய வேண்டும். கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், மனச்சோர்வு போன்ற மாற்றங்கள் சில குழந்தைகளுக்கு வருவதால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. இத்தகைய மாற்றம் தெரிந்தால் குழந்தையின் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். துகள்களைத் தண்ணீரில் கரைக்கக் கூடாது; சூடில்லாத மென்மையான உணவு ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்து, 15 நிமிடங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கணக்குப் பிழைகள்

தினசரி இன்ஹேலர் தீர்ந்துபோனது எளிதில் தெரியாது. மருந்து முடிந்த பிறகும் உந்துவாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தகாத சோதனை. எஞ்சிய பஃப்களின் எண்ணிக்கையைக் காட்டும் எண்காட்டி இன்ஹேலரில் இல்லாவிட்டால், 120 பஃப் கொண்டதை வேளைக்கு 2 வீதம் தினம் இரு வேளை தந்தால் 30 நாட்களில் தீரும் என்று கணக்கிட்டு, முடியும் தேதியை அதன் மேலேயே எழுதிவைக்கலாம்.

ஒரு வேளை தவறினால், நினைவு வந்தவுடன் தரலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரட்டிப்பாகத் தரக் கூடாது. தாய் தந்தார் என்று தந்தையும், தந்தை தந்தார் என்று பாட்டியும் நினைத்து விடுபட்டுப்போகும் வேளைகள் ஏராளம். சுவரில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல், இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கொண்டுபோய், வீட்டில் தருவதுபோலவே அவர் முன்னால் தந்து காட்டுங்கள். இழுப்பு வந்தால் எந்த மருந்து, எத்தனை பஃப், எப்போது மருத்துவமனை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நிவாரண மருந்தின் பலன் 4 மணி நேரம்கூட நிற்காமல் மறுபடி தேவைப்பட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குவது, மூக்குத் துளைகள் விரிவது, பேசவோ பால் குடிக்கவோ இயலாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, குழந்தை மயங்கிச் சரிவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், நிவாரண மருந்தைத் தந்தபடியே மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். இழுப்புச் சத்தம் அடங்கியும் குழந்தை சோர்ந்தே கிடந்தால் அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்று உள்ளே போகாததாலும் சத்தம் நின்றிருக்கலாம்.