தேயிலையில் குளிர் ஜீன்களைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்தால் போதும், மற்ற ஜீன்களைக் கூட்டவோ அடக்கவோ செய்யும் புரதங்களான படியெடுப்புக் காரணிகளைத் தேயிலையில் தேடி மாணவர்கள் மலையேறி வந்துவிடுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கையுறை, பைப்பெட் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதை லேபிலேயே கற்றுக்கொள்வார்கள்.

எண்ணைப் பார்த்து வேலையைச் சொல்வது

காரணிகளை எம்ஒய்பி, டபிள்யுஆர்கேஒய் என்று குடும்பமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரே குடும்பம் என்றால், டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆய்வுகளில் மாதிரியாக வைக்கும் சிறு செடியான அராபிடாப்சிஸில் எம்ஒய்பி75 ஊதா நிறமியைக் கூட்டுகிறது. அதே குடும்பத்தின் எம்ஒய்பி4 ஜீன்களை அடக்குகிறது. தேயிலையில் அதே எண் கிடைத்தால் வேலையும் அதே என்று எழுதிவிடாதீர்கள்.

பறித்த நேரத்தைக் கவனிக்காமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. பள்ளத்துத் தோட்டத்தில் பனி பட்ட கொழுந்தை விடியும் முன்பே பறித்தார்கள் இரண்டு மாணவர்கள். சரி. ஒப்பிடுவதற்கு மேட்டில் பனி படாத செடியில் பறிக்கும்போது உச்சிவெயில். இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஜீப்பில் போட்டு, சாயங்காலம் லேபுக்குக் கொண்டுபோனார்கள். ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்குப் பெரும் தொகை கட்டியபின் வந்த முடிவு: பனி பட்ட செடியில் சிபிஎஃப் (குளிர் பட்டால் ஏற வேண்டிய காரணி) குறைவு!

அராபிடாப்சிஸில் குளிர் தொட்ட கால் மணி நேரத்துக்குள் சிபிஎஃப் ஏறத் தொடங்கும். சில மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதன் தூண்டுதலில், செடியைக் குளிரிலிருந்து காக்க உதவும் கோர் ஜீன்கள் அப்புறம்தான் ஏறும். போதாததற்கு, செடியின் உள்கடிகாரமும் குறுக்கே நிற்கிறது. குளிரே படாத செடியிலும் சிபிஎஃப் பகலில் கூடி இரவில் குறையும். விடியலையும் உச்சிவெயிலையும் ஒப்பிட்டால் பனியையா அளக்கிறீர்கள், கடிகாரத்தையா?

பறிப்பதும் செடிக்குக் காயம்தான். டபிள்யுஆர்கேஒய், ஈஆர்எஃப் என்ற காரணிக் குடும்பங்களின் ஜீன்கள் பல காயத்துக்கே எழும்பிவிடும். பையில் கிடந்த அத்தனை நேரமும் இலை தன்பாட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தது.

திரவ நைட்ரஜனை மலைப்பாதையில் தூக்கி வருவது சிரமம்தான். இருந்தாலும் செடியடியிலேயே −196 டிகிரியில் உறைய வையுங்கள். இரண்டு தோட்டத்திலும் ஆள் நிறுத்தி, ஒரே நேரத்தில் பறியுங்கள். இரவு முழுக்க இடைவெளி விட்டுப் பறித்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு குழாயிலும் நேரமும் வெப்பநிலையும் எழுதியிருக்க வேண்டும்.

ஆக்டின் ஒன்றை மட்டும் ஒப்பீட்டு ஜீனாக வைப்பது

கூடாது. அளவு மாறாது என்று நம்பி மற்ற ஜீன்களை ஒப்பிட வைப்பதுதான் ஒப்பீட்டு ஜீன்; ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

டபிள்யு-பாக்ஸ் இருக்கிறதே என்று மகிழ்வது

டபிள்யு-பாக்ஸ் என்பது டபிள்யுஆர்கேஒய் காரணிகள் உட்காரும் டிஎன்ஏ வரிசை: டிடிஜிஏசி, ஐந்தே எழுத்து. 2000 எழுத்து நீளமுள்ள புரமோட்டரில் (ஜீனை இயக்கும் முன்பகுதியில்), இரு இழைகளையும் சேர்த்தால், தற்செயலாகவே சுமார் நாலு இடத்தில் வரும். காரணி அங்கே உண்மையில் உட்காருகிறதா என்பதைச் சோதனை செய்து காட்டுங்கள்.