முதல் பொம்மை அனிமேஷன்: கேமை அப்படியே எடுக்கப் போகாதீர்கள்

பிடித்த கேமைப் பார்த்து ஆசைப்பட்டு, தனி ஆளாக முதல் பொம்மை அனிமேஷன் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கேமின் மிகப் பெரிய சண்டையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வேண்டாம். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் தொடர்ந்து ஓட்டுவதுதான் இந்த அனிமேஷன். விநாடிக்கு 12 படம் என்று வைத்தாலே ஒரு நிமிடத்துக்கு 720 படம். இரண்டு பொம்மைகள் மோதினால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டின் கை, கால், தலையையும் நகர்த்த வேண்டும். முதல் முயற்சிக்கு 20 விநாடி போதும், அதுவே 240 படம். ஒரு பாத்திரம் ஒரு பள்ளத்தைத் தாண்டி ஒரு பெட்டியைத் திறக்கட்டும். அதை ஒழுங்காகச் செய்தால் பார்ப்பவர் மனதில் நிற்கும்.

கேமின் அசைவை அப்படியே நகலெடுப்பது அடுத்த தவறு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேமில் பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் குதித்தாக வேண்டும், தாமதித்தால் விளையாடுபவருக்கு எரிச்சல் வரும். அதனால் குதிப்பதற்கு முன் முழங்காலை மடக்கிக் குனியும் அசைவை வெகுவாகச் சுருக்கிவிடுவார்கள். சில கேம்களில் அது அடியோடு இருக்காது. அழுத்தியவருக்குக் குதிக்கப் போவது தெரியும் என்பதால் குறையும் தெரியாது. ஆனால் உங்கள் படத்தைப் பார்ப்பவர் கையில் பொத்தான் இல்லையே! குனியாமல் எழும்பும் பொம்மையை யாரோ மேலே தூக்கியதுபோல்தான் அவருக்குத் தோன்றும். குனிவதற்கு மூன்று நான்கு படம், அந்த நிலையில் ஒரு படம் கூடுதலாக, அப்புறம் வேகமாக மேலே, உச்சியில் கொஞ்சம் நிதானம், இறங்கியதும் மறுபடி முழங்கால் மடிய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நகர்த்தினால் பொம்மைக்குப் பாரமே இருக்காது. தொடக்கத்திலும் முடிவிலும் சிறிதாக, நடுவில் பெரிதாக நகர்த்துங்கள்.

1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமுக்காக அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்தார். அதைப் பார்த்துப் படம் படமாக வரைந்த அசைவுகள் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. நீங்களும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் தம்பியையோ தங்கையையோ குதிக்கச் சொல்லி போனில் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேம் வீடியோவைப் பார்ப்பதைவிட இது நூறு மடங்கு உதவும்.

பொம்மை அந்தரத்தில் இருக்கும்போது கம்பியால் தாங்கிப் பிடித்து, பிறகு கணினியில் அந்தக் கம்பியை அழிப்பார்கள். அழித்த இடத்தில் பின்னணியை நிரப்ப, பொம்மை இல்லாத வெறும் செட்டின் படம் ஒன்று வேண்டும். பலர் அதை எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

பொம்மையில் நுணுக்கத்தை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். கேம் நாயகன் மாரியோவின் தொப்பியும் மீசையும் அழகுக்காக வந்தவை அல்ல. 1981இல் திரையில் அந்த உருவத்துக்குக் கிடைத்த சொற்பப் புள்ளிகளில் (பிக்சல்) முடியையும் வாயையும் வரைய இடம் போதாததால் வந்தவை. ரதி-மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் ரதி யார், மன்மதன் யார் என்று உருவத்தைக் கொண்டே தெரிகிறதல்லவா? உங்கள் பொம்மையும் வெறும் நிழலாகத் தெரிந்தாலே அடையாளம் புரிய வேண்டும். மைன்கிராஃப்ட் கேமின் பாத்திரம் முதல் பொம்மைக்கு மிகவும் ஏற்றது. தலை, உடல், இரண்டு கை, இரண்டு கால், அவ்வளவுதான். முழங்கையும் முழங்காலும் மடியாது. குனிவதை மட்டும் உடலைச் சாய்த்துக் காட்ட வேண்டியிருக்கும்.

உள்ளே வைக்கக் கட்டுக்கம்பி வாங்காதீர்கள், மடக்க மடக்க முறிந்துவிடும். மெல்லிய அலுமினியக் கம்பியை இரண்டாக முறுக்கிப் போடுங்கள். தலையை ரெஜிபோமில் (தெர்மகோலில்) செய்தால் பாரம் குறையும். பாதத்துக்குள் சிறு காந்தமோ குண்டூசியோ இல்லாவிட்டால் பொம்மை விழுந்துகொண்டே இருக்கும். மரங்களுக்குக் கடைக்குப் போக வேண்டாம், கவ்வாத்தில் (செடியைக் கழிக்கும்போது) வெட்டிய தேயிலைக் குச்சியைப் போல முறுகிய முதுமரம் எங்கேயும் கிடைக்காது.

இலங்கை மலையகத்தில் அதிகம் படம் கெடுவது வெளிச்சத்தால்தான். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஜன்னலோரம் செட் வைத்தால், வெயில் அடித்துக் கால் மணி நேரத்தில் பனிமூட்டம் வந்து மூடும். ஐந்து விநாடிக் காட்சிக்கு 60 படம் எடுக்கச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாறிய வெளிச்சமெல்லாம் ஓட்டிப் பார்க்கும்போது திரையில் சிமிட்டும். ஜன்னலைத் தடித்த துணியால் மூடுங்கள், அல்லது இரவில் எடுங்கள். இரண்டு விளக்கை அசையாமல் கட்டுங்கள். போனில் வெளிச்சம், நிறம், குவியம் (ஃபோகஸ்) மூன்றையும் பூட்டிவிடுங்கள், தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அதுவே முடிவெடுக்கும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை (ஒரு படத்துக்கு ஒளி உள்ளே விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/25 விநாடியில் வைத்தால் மலிவான எல்இடி பல்பின் துடிப்பு பெரும்பாலும் தெரியாது. வெள்ளைச் சட்டையோடு செட்டருகே நின்றாலும் வெளிச்சம் மாறும், கறுப்பு உடுத்துங்கள்.

போனைத் தொட்டுப் படம் எடுக்கவே கூடாது. வயர் ஹெட்செட்டின் ஒலிப் பொத்தானை அழுத்தினால் பல போன்களில் படம் எடுபடும். சார்ஜரையும் முதலிலேயே செருகிவிடுங்கள், நடுவில் செருகினால் கோணம் நகர்ந்துவிடும். ஒரே அமர்வில் முடிக்கக்கூடிய காட்சியை மட்டும் தொடங்குங்கள், மறுநாள் அந்தப் பொம்மை அதே இடத்தில் இருக்காது.

பேச்சு இருந்தால் குரலை முதலில் பதிவு செய்து, அதற்கு ஏற்ப வாயை அசைக்க வேண்டும். படத்தை எடுத்த பின் குரலைப் பொருத்தப் போனால் பொருந்தாது. மலையகத்தின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்ய மழை விடும் நேரத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேமின் இசையை எடுத்துப் போடாதீர்கள். யூடியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும், வீடியோ முடக்கப்படலாம். ரசிகர் வீடியோக்களுக்கு எதை அனுமதிக்கிறோம் என்று பல கேம் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் எழுதி வைத்திருக்கின்றன, பதிவேற்றும் முன் அதை வாசியுங்கள். ஒலிகளை நீங்களே சேர்க்கலாம். பெட்டி திறக்கும் சத்தத்துக்கு வீட்டுத் தகர டின் ஒன்றின் மூடி போதும், பள்ளத்தில் வீசும் காற்றுக்குப் போனைத் துணியால் சுற்றித் தேயிலை மலையில் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள்.